பத்து நிமிடம் கொடுங்கள், நடுவர்களே

மாவட்ட அறிவியல் கண்காட்சியின் அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

‘உலகப் பிரச்சினைகளுக்குப் புதுமையான தீர்வுகள்’ என்று தலைப்புக் கொடுத்தது நீங்கள். ஐ.நா. 2015இல் ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னதும் நீங்கள்தான். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் ஆறாவது இலக்கை எடுத்தார்கள்: குடிநீரும் கழிப்பறையும். அவர்களுக்குக் கிடைத்த மேசையில் பிளக் பாயிண்ட் இல்லை. காலையிலிருந்து ஜங்ஷன் பாக்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தோம், வரவில்லை. நடுவர் வந்தார். “மோட்டார் ஓடலையே” என்றார். சார்ட் எங்கே என்று கேட்டார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அவர் கேட்காமல் போனதைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது, நல்ல தண்ணீர் வருகிறது. ஆனால் பெண் பிள்ளைகள் பலர் அதைக் குடிப்பதில்லை. மதியத்துக்கு மேல் கழிப்பறையில் தண்ணீர் இருக்காது. அதனால் தாகத்தை அடக்கிக்கொண்டு வீடு போய்ச் சேரும்வரை உட்கார்ந்திருப்பார்கள். மாதவிடாய் நாட்களில் சிலர் பள்ளிக்கே வருவதில்லை. அதே பள்ளியில், ஆர்.ஓ. கழித்துவிடும் உப்புநீர் கழிப்பறைச் சுவரை ஒட்டியே ஓடி மண்ணில் தேங்கிக் கிடந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

முதலில் அந்த நீரைச் செம்பருத்திக்கு ஊற்றினார்கள். இலைகளின் ஓரம் கருகியது. நீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், உப்பு அதிகம். சரி, செடிக்கு ஆகாது, கழிப்பறைக்கு ஆகும் என்று முடிவுசெய்தார்கள். டிரம்மில் பிடித்து, பழைய சின்ன மோட்டாரை வைத்துக் கழிப்பறைத் தொட்டிக்கு ஏற்றினார்கள். டிரம் காலியானால் மோட்டார் தானாக நிற்க ஒரு மிதவை சுவிட்ச். கருகிய இலையைக்கூட நோட்டில் ஒட்டித் தேதி போட்டு வைத்திருந்தார்கள். அந்த நோட்டை யாரும் புரட்டவில்லை.

ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். நான் கேட்பது இதுதான்.

பரிசு வாங்கிய பிள்ளைகள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கடையில் வாங்கிய தெர்மாகோல் நகரத்துக்கு முன்னால் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள உங்களுக்கு நேரம் இருந்தது. எங்கள் துறையில் பல நிகழ்ச்சிகள் இப்படித்தான் அறிக்கைக்காகவும் படத்துக்காகவும் நடந்து முடிகின்றன. அன்று மாலை டிரம்மைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, “நம்ம மோட்டார் ஓடும்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாதா மிஸ்?” என்று ஒருத்தி கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

திருவண்ணாமலையில் பள்ளியில் படிக்கும்போதே வினிஷா உமாசங்கர் கரிக்குப் பதிலாகச் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். அந்த யோசனை தொடங்கியது தன் தெருவில் இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்து. உலகப் பிரச்சினை பிள்ளைகளுக்குத் தங்கள் தெருவிலும் தங்கள் கழிப்பறையிலும்தான் முதலில் தெரிகிறது. அதைச் சொல்லி முடிக்க அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். அடுத்த ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே ‘ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிடம்’ என்று ஒரு வரி சேருங்கள். நாள் போதாது என்றால் இரண்டு நாள் நடத்துங்கள், அல்லது நடுவர்களைக் கூட்டுங்கள். இயங்கும் கருவி கொண்டுவரும் குழுவுக்கு மின் இணைப்பு உள்ள மேசையை ஒதுக்குங்கள். அப்புறம், இந்த ஆண்டு நடுவர்கள் ஒருமுறை எங்கள் பள்ளிக்கு வாருங்கள். மதிய இடைவேளையில் வந்தால் மோட்டார் ஓடுவதைப் பார்க்கலாம், பிள்ளைகளே விளக்குவார்கள்.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை