கோச்சியில் (ரயிலில்) வந்த ஐயாவுக்கு நன்றி

ஐயா, பெயர்கூடச் சொல்லாமல் கம்பளையில் இறங்கிவிட்டீர்கள். யாராவது உங்களுக்குக் காட்டுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இங்கே எழுதுகிறேன்.

டிவி வினாவிடைப் போட்டிக்காகக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த என் மகள், ஹட்டனில் ஏறியதிலிருந்து நோட்டுக் கொப்பியை விட்டு நிமிரவே இல்லை. அதை வாங்கி மூடி வைத்தீர்கள். பிறகு சாப்பாட்டுப் பெட்டியின் மூடிதான் மணி. "இலங்கையின் மிக உயரமான மலை…" என்று நீங்கள் தொடங்கியதுமே மகள் தட்டிவிட்டாள்: "பிதுருதலாகலை!" நீங்கள் சிரித்துக்கொண்டே முடித்தீர்கள்: "…2,524 மீட்டர். அப்படியானால் இரண்டாவது எது?" கிரிகல்பொத்த என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் வாய்ப்பு போய்விட்டதே! இலங்கையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்ட கதையிலும் அப்படித்தான். ஆண்டைக் கேட்பீர்கள் என்று பார்த்தால், எத்தனை ஏக்கர் என்றீர்கள் (19 ஏக்கராம், எனக்கே அன்றுதான் தெரியும்). நாவலப்பிட்டி தாண்டும்போது கேள்வி முடியும்வரை அவள் விரல் அசையவில்லை. நான் கட்டிக் கொடுத்த ரொட்டியும் சம்பலும் அப்படியே கிடந்தன.

நீங்கள் கேட்டதில் ஒன்றுகூட நிகழ்ச்சியில் வரவில்லை, அது வேறு கதை. ஆனால் மற்ற அணிகள் அவசரப்பட்டுத் தட்டி புள்ளிகளை இழந்தபோது எங்கள் பிள்ளைகள் காத்திருந்தார்கள். இரண்டாமிடம் கிடைத்தது.

ரொம்ப நன்றி ஐயா. ஹட்டன் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வாங்க. உங்களை மடக்க மகள் ஒரு கொப்பி நிறையக் கேள்வி எழுதி வைத்திருக்கிறாள்.