குதிகாலா முன்பாதமா, அவசரப்படாத சுமதி

அடியே சுமதி,

உன் லெட்டர் கெடச்சுது. பெரியவ காலேஜ் சேந்துட்டாளா, நம்பவே முடியலடி! இங்க எல்லாரும் நல்லாருக்கோம், மாமியாருக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சு இப்ப கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறாங்க. ஆனா உனக்கு முட்டி வலின்னு படிச்சதுலேருந்து மனசு அதுலயே நிக்குது. ஓடறப்ப குதிகால் முதல்ல தரையில படறதுதான் காரணம், முன்பாதத்துல ஓடுன்னு யாரோ சொன்னாங்க, நாளையிலேருந்து மாத்தப் போறேன்னு எழுதிருக்கியே, கொஞ்சம் நில்லு.

அந்தப் பேச்சு பரவினது 2010லதான். ஹார்வர்டுல டேனியல் லீபர்மேனும் கூட இருந்தவங்களும் நேச்சர் பத்திரிகையில ஒரு ஆராய்ச்சி போட்டாங்க, செருப்பில்லாம ஓடியே பழகினவங்க நிறைய பேர் முன்பாதத்துல இறங்கறாங்க, அப்ப தரையில பட்ட உடனே வர்ற அந்த வெடுக்குன்ன அதிர்ச்சி அவ்வளவா இல்லன்னு. காயம் குறையும்னு அதுல நிரூபிக்கவே இல்ல, ஜனங்கதான் அப்படி எடுத்துக்கிட்டாங்க. 2012ல அங்கயே காலேஜ் டீம்ல 52 பேர் ரெக்கார்ட பாத்தப்ப, குதிகால்ல இறங்கறவங்களுக்கு தொடர்ந்து ஓடறதால வர்ற காயம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இருந்துச்சு. சரி, ஆனா ஒரே ஒரு டீம், அதுவும் பழைய ரெக்கார்டு, அத வச்சு எல்லாரும் ஓட்டத்த மாத்தணும்னா எப்படி? அடுத்த வருஷமே வடக்கு கென்யாவுல தாசனச் மக்கள பாத்தாங்க, அவங்களும் செருப்பில்லாம வளந்தவங்கதான், சாதாரண வேகத்துல ஓடறப்ப பெரும்பாலும் குதிகால்தான் முதல்ல படுதாம்.

நான் உனக்கு சொல்ல வர்றது இதுதான்டி, பாதம் இறங்கற விதத்த மாத்தினா பாரம் காணாம போகாது, இடம் மாறும். குதிகால்ல இறங்கினா முட்டிக்கு வேலை அதிகம், முன்பாதத்துல இறங்கினா கெண்டைக்கால் சதைக்கும் குதிகாலுக்கு மேல கயிறு மாதிரி இருக்கற அக்கிலீஸ் தசைநாணுக்கும் வேலை அதிகம். இத்தன வருஷம் அந்த வேலையே செஞ்சு பழகாத சதை கிட்ட ஒரே வாரத்துல எல்லாத்தையும் ஏத்தினா அது என்ன பண்ணும் சொல்லு. காலையில கட்டில்லேருந்து இறங்கி முதல் நாலு அடி வைக்கறப்ப குதிகாலுக்கு மேல விறைச்சுக்கிட்டு இழுக்கும், ரெண்டு விரலால அந்த தசைநாண கிள்ளிப் பாத்தா ஒரு எடத்துல சுருக்னு வலிக்கும். பாதத்து எலும்புல ஒரே புள்ளியில அமுக்கினா வலிக்குதுன்னா இன்னும் மோசம், ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரா, அதாவது ஓயாத பாரத்தால எலும்புல விழற மெல்லிய விரிசலா இருக்கலாம், அப்ப ஓடவே கூடாது, டாக்டர்கிட்ட போயிடணும்.

ஆனா உனக்கு வலி முட்டியிலதானே, அதனால மாத்தறது பிரயோஜனமே இல்லன்னும் நான் சொல்லல. முட்டிச்சில்லு வலிக்கு அது சிலருக்கு கைகொடுக்குது. 2018ல புதுசா ஓட வந்தவங்களுக்கு மெத்துனு இறங்க ட்ரெட்மில்லுல பயிற்சி கொடுத்து ஒரு வருஷம் பாத்தாங்க, மொத்த காயம் நல்லாவே குறைஞ்சுது, ஆனா அவங்கள்ல அக்கிலீஸ், கெண்டைக்கால் காயம் மட்டும் கூடுச்சு, பாத்தியா பாரம் எங்க போச்சுன்னு!

அதனால முதல்ல ஈஸியானத செய். காலை ரொம்ப முன்னாடி வீசாம அடிய கொஞ்சம் சின்னதா, வேகமா வை, இப்ப நிமிஷத்துக்கு 160 அடி வைக்கறன்னா 168 போதும், அந்த 5 சதவீதமே முட்டிக்கு வர்ற பாரத்த குறைக்கும். அதுக்கு மேலயும் முன்பாதம்தான் வேணும்னா ஓட்டத்துல கடைசி அஞ்சு நிமிஷம் மட்டும் பழகு, மாசக்கணக்குல மெதுவா ஏத்து, கெண்டைக்காலுக்கு நின்ன எடத்துல குதிகால தூக்கி இறக்கற பயிற்சி செய்.

இன்னொன்னு, எனக்கு இதுதான் பெரிய சந்தேகம். வலி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தூரத்த திடீர்னு ஏத்தினியா, இல்ல புது ஷூ மாத்தினியா? அத எழுது முதல்ல.

உன்
வசந்தி