முருகையாவுக்கு, பினாங்கிலிருந்து

அன்புள்ள முருகையா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு முடி இறக்கிய செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே பெரியவனுக்கு பாயான் லெப்பாஸில் வேலை கிடைத்துவிட்டது.

கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன், ஆணுறுப்பு முன்போல் விறைப்பதில்லை என்றாயே, அதற்கு. வயசாகிவிட்டது என்று அதை ஒதுக்காதே. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வந்த பிறகு எனக்கும் இதே நிலைதான். டாக்டர் முதலில் கவனித்தது ரத்தக் குழாயை. ஆணுறுப்புக்குப் போகும் குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலந்தான். இதயத்தினுடையது மூன்று நான்கு இருக்கும். அடைப்பு சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். பலருக்கு நெஞ்சுவலி வருவதற்குச் சில வருசம் முன்பே இது தொடங்கிவிடுகிறதாம். நீ எழுதியதைப் பார்த்தால் உனக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிட்டால்தான் குழாய் தளர்ந்து ரத்தம் பாயும். (இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.) சர்க்கரை, கொழுப்பு, புகை மூன்றும் அந்தச் சுவரைக் கெடுக்கின்றன. அதனால் எனக்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, கொழுப்புக்கு ஸ்டாட்டின் கொடுத்து, கூடவே தினம் 5 மில்லிகிராம் தடாலாஃபில். குழாயின் தளர்வு சட்டென்று கலையாமல் அது காக்கிறது. சிகரெட்டையும் விட்டேன். மாற்றம் மெதுவாக வந்தது, ஆனால் வந்தது.

நீ பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிக் குடிக்கிறாயே, அந்தத் தொங்காட் அலி மூலிகைக் காப்பிதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. பதிவில்லாத அந்த மாதிரிக் காப்பிகளில் வயாகராவில் இருக்கிற சில்டெனாஃபில் மருந்தைச் சொல்லாமல் கலந்து பிடிபட்டிருக்கிறது. சுகாதார அமைச்சே எச்சரித்திருக்கிறது. நீயோ நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைக்கிறவன். அது நைட்ரேட். இரண்டும் உடம்பில் சேர்ந்தால் பிரஷர் படுவேகமாக இறங்கி உயிருக்கே ஆபத்து. இன்றே நிறுத்து, முருகையா. என் தடாலாஃபிலும் அதே வகை மருந்து, அதைக் கேட்டு வாங்கிவிடாதே. உனக்கு அது ஆகாது என்றால் பம்பு, ஊசி என்று வேறு வழிகள் இருக்கின்றன.

காப்பிப் பாக்கெட்டை எறியாமல் உன் இதய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு. எல்லாவற்றையும் அவரிடமே சொல். தங்கச்சியையும் கூட்டிப் போ, அவளுக்கும் தெரியட்டும். தனியாகப் பேசக் கூச்சமாக இருந்தால் ஒரு போன் போடு. பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர் வந்துவிடுவேன், கிளினிக்குக்குச் சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
செல்வம்