தலையங்கத்தில் விடுபட்டவர்கள்
ஆசிரியர் அவர்களுக்கு,

பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணத்தில் நடக்கும் வன்முறை குறித்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். ராணுவம், கிளர்ச்சியாளர்கள், கனிம வளம் எல்லாம் அதில் இருந்தன, ஜிக்ரிகள் எனப்படும் சிறுபான்மை முஸ்லிம் பிரிவினர் இல்லை. அம்மாகாணத்தின் தென்பகுதியான மக்ரானில் பல நூற்றாண்டுகளாக வாழும் இவர்களும் பலூச் இனத்தவரே. உலக முடிவுக்கு முன் வருவார் என முஸ்லிம்கள் பலர் எதிர்பார்க்கும் வழிகாட்டியான மஹ்தி ஏற்கெனவே வந்து சென்றுவிட்டார் என்று நம்புவதும், ஐவேளைத் தொழுகைக்குப் பதிலாக இறைநாமம் ஓதுவதும்தான் இவர்கள் செய்த 'குற்றம்'. 18ஆம் நூற்றாண்டில் இவர்கள்மீது படையெடுத்தவர் பலுசிஸ்தானில் இருந்த கலாத் அரசை ஆண்ட நசீர் கான். பலூச்சுகள் இன்றும் கொண்டாடும் தலைவர்! 2014 ஆகஸ்டில் அவாரான் மாவட்டத்தில் வழிபாட்டில் இருந்த ஜிக்ரிகளைச் சுட்டதில் 6 பேர் இறந்தனர். பலூச்சுகளை ஒரே திரளாகப் பார்த்தால் இந்தத் துயரம் கண்ணில் படாது.

மஸ்கட்டில் என்னுடன் பணியாற்றிய, மக்ரானின் துர்பத் நகரைச் சேர்ந்த ஜிக்ரி இளைஞர், ரமலான் 27ஆம் இரவுக்காகக் தம் ஊரில் உள்ள ஜிக்ரிகளின் புனிதத் தலமான கோஹே முராத் குன்றுக்குச் செல்ல ஆண்டுதோறும் விடுப்பு எடுப்பார். விண்ணப்பத்தில் மட்டும் 'குடும்ப விசேஷம்' என்றே எழுதுவார். காரணத்தை என்னிடம் சொல்லவே அவருக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. பலுசிஸ்தானில் மனித உரிமை பற்றி இனி எழுதும்போது, ஜிக்ரிகளின் வழிபாட்டிடங்களுக்கும் யாத்திரைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதையும் தாங்கள் வலியுறுத்த வேண்டும்.

– வாசகர், நாகப்பட்டினம்