ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல்

அன்புள்ள முரளி,

உன் கடிதமும் பாட்டும் வந்து சேர்ந்தன. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது நிம்மதி. குனிந்து வேலை செய்ய விடாதே.

பாட்டுக்கு வருகிறேன். மெட்டு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கோரஸ்தான் இடிக்கிறது. மூன்று பேர் பாடிய ஒரே டேக்கை எட்டு முறை காப்பி எடுத்து, சில மில்லிசெகண்ட் தள்ளித் தள்ளி வைத்தும் கூட்டம் பாடுகிற மாதிரி வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். வராது. ஒரே பதிவை அப்படியே இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் ஏறுமே தவிர ஆள் கூடாது. 1 மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில இடங்களில் ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். குழாய்க்குள் பாடுகிற மாதிரி இருக்கிறது என்றாயே, காரணம் அதுதான். கூட்டம் என்றால் ஒவ்வொரு தொண்டையும் சுருதியில் இம்மி விலகி, நேரத்தில் கொஞ்சம் முந்திப் பிந்தி வரவேண்டும். அதற்குத் திரும்பத் திரும்பப் பாடுவதைத் தவிர வழியில்லை.

இதைக் கடைசி வரை பிடிவாதமாகச் செய்து காட்டியவர்கள் டென் சிசி (10cc) என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் நால்வர். 1975இல் வந்த 'தி ஒரிஜினல் சவுண்ட்ட்ராக்' ஆல்பத்தில் இரண்டாவது பாட்டு, 'ஐம் நாட் இன் லவ்'. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்டாக்போர்ட்டில் இருந்த ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் பதிவானது. குழுவின் எரிக் ஸ்டூவர்ட்டும் கிரஹாம் கோல்ட்மனும் எழுதியது. முதலில் பிரேசிலின் போஸா நோவா தாளத்தில் எடுத்தார்கள். குழுவின் இன்னொருவரான கெவின் காட்லிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஆனால் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார்கள். வாத்தியத்தைக் குறைத்துக் குரல்களாலேயே கட்டலாம் என்று காட்லி சொன்ன பிறகுதான் பாட்டு மறுபடி உயிர் பெற்றது.

கோல்ட்மன், காட்லி, நாலாமவரான லோல் கிரீம் மூவரும் ஒரே ஸ்வரத்தில் 'ஆ' என்று 16 தடவை பாடினார்கள். ஆக ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல். இப்படி ஒரு ஸ்தாயியின் 12 ஸ்வரங்களுக்கும். பாடி முடிக்கவே மூன்று வாரம் ஆயிற்று. மூச்சு முடிந்தால் ஸ்வரமும் முடிந்துவிடுமே, அதை எப்படி விடாமல் ஒலிக்க வைப்பது? லூப் போடலாம் என்றார் கிரீம். சுமார் 12 அடி நீள ஒலிநாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, ஒரு பக்கம் ரெக்கார்டரின் ஹெட் வழியாகவும் மறுபக்கம் மைக் ஸ்டாண்டின் தலையில் பொருத்திய உருளை வழியாகவும் இழுத்து ஓட விட்டார் ஸ்டூவர்ட். அத்தனை நீளம் எதற்கு? ஒட்டு வருகிற இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சின்ன வளையமென்றால் அது ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். வினாடிக்கு 15 அங்குல வேகமென்றால் 12 அடி நாடா ஒரு சுற்று வர 9.6 வினாடி ஆகும். பல லூப்களின் 'டிக்' ஒரே நேரத்தில் விழாமல் பார்த்துக்கொண்டால் மற்ற ஒலியில் அமுங்கிவிடும்.

பன்னிரண்டு லூப்களும் மிக்ஸரில், அதாவது ஒலிகளைக் கலக்கும் மேசையில், பன்னிரண்டு சேனல்கள். நால்வரும் மிக்ஸரைச் சுற்றி நின்று, கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுக்கு) வேண்டிய மூன்று நான்கு ஃபேடர்களை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபிடிகளை, ஏற்றி இறக்கி, மிக்ஸரையே வாத்தியமாக வாசித்தார்கள். ஃபேடர் முழுதாகக் கீழே போக முடியாதபடி அடியில் ஒட்டுப்பட்டையும் ஒட்டியிருந்தார் ஸ்டூவர்ட். எனக்கு இந்தப் பாட்டிலேயே ஆகச் சிறந்த முடிவு இதுதான். பன்னிரண்டு ஸ்வரமும் ஒன்றாக, மிக மெல்ல ஒலித்தால் காது அதைக் கார்டாக எடுத்துக்கொள்ளாது, காற்றாக எடுத்துக்கொள்ளும். அந்தக் காற்றிலிருந்து கார்டு எழுந்து அதிலேயே அடங்குகிறது. ரிவெர்பை (எதிரொலி முழக்கத்தை) கூட்டி இதைக் கொண்டுவர முடியாது.

மற்றதெல்லாம் சிக்கனம். ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ, ஒரு கிடார், மூக் சிந்தசைசரில் இதயத் துடிப்பு போல ஒரு கிக் டிரம் ஒலி. நடுப்பகுதியில் பேஸ் கிடார், அதன் மேல் ஸ்டூடியோ வரவேற்பாளரின் கிசுகிசுப்பு. உன் பாட்டின் நடுவில் வயலின் சேர்க்க நினைக்கிறாய். வேண்டாம், அந்த இடத்தைக் காலியாக விடு.

ஆல்பத்திலிருந்து முதல் சிங்கிளாக (தனிப்பாட்டு இசைத்தட்டாக) போனது இது இல்லை, 'லைஃப் இஸ் எ மினஸ்ட்ரோனி'. ஆறு நிமிடத்தைத் தாண்டும் மெதுவான பாட்டை யார்தான் துணிந்து அனுப்புவார்கள்? மே மாதம் வெளியானதும் பிரிட்டன் பாட்டுப் பட்டியலில் இரண்டு வாரம் முதலிடம். அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாமிடத்திலேயே நின்றது, ஒவ்வொரு வாரமும் வேறொரு பாட்டு மேலே இருந்தது. அங்கே சிங்கிளை நான்கு நிமிடத்துக்குள் வெட்டியிருந்தார்கள். நீ ஆல்பத்தில் இருக்கும் முழு வடிவத்தைக் கேள். குரல்கள் அவசரமில்லாமல் நிற்பதில்தான் அந்தப் பாட்டே இருக்கிறது.

உனக்குப் பன்னிரண்டு ஸ்வரமும் தேவைப்படாது. உன் கார்டுகளில் வரும் ஸ்வரங்களை மட்டும் எடு, காற்றுக்கென்று பக்கத்து ஸ்வரம் இரண்டு கூடுதலாக வைத்துக்கொள். பாடுகிறவர்களுக்கு ஒரு காதில் மட்டும் கீபோர்டில் அந்த ஸ்வரத்தைக் கொடு, மற்றக் காது திறந்திருக்கட்டும். கமகம், அசைவு எதுவும் கூடாது, அசைந்தால் கார்டு கலங்கிவிடும். 'ஆ'வுக்கு எல்லோரும் ஒரே அளவு வாய் திறக்க வேண்டும். ஒருத்தி 'ஓ' பக்கம் சாய்ந்தாலும் நிறம் மாறும். நாலு டேக்குக்கு ஒரு முறை நிற்கும் இடத்தை மாற்று, மைக்கிலிருந்து ஒரு அடி, மூன்று அடி என்று. களைத்தால் சுருதி இறங்கும், ஆகையால் ஒரே நாளில் இரண்டு ஸ்வரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதே. மின்விசிறியை அணைத்துவிடு. ஒவ்வொரு டேக்கின் உச்சமும் −18 டெசிபலைத் தாண்ட வேண்டாம்; 16 டேக் சேரும்போது சுமார் 12 டெசிபல் ஏறும்.

தொடக்கத்தையும் மூச்சு தேய்கிற முடிவையும் வெட்டி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் லூப் ஆக்கு. ஒட்டும் இடத்தில் அரை வினாடி கிராஸ்ஃபேட் (ஒன்று தேய, மற்றது எழ) போதும். லூப்களின் நீளம் ஒன்றுபோல இருக்கக் கூடாது: ஒன்று 9.1 வினாடி, அடுத்தது 10.3, அதற்கடுத்தது 11.7. ஒரே நீளமென்றால் சுற்றுக்குச் சுற்று ஒரே அலை திரும்பி வந்து காட்டிக்கொடுக்கும். ஃபேடர் அசைவைக் கணினியே நடத்தும் ஆட்டோமேஷனை மவுஸால் வரையாதே. ஃபேடரில் விரல் வைத்துப் பாட்டோடு வாசி. தனியாக இருந்தால் கீழ் ஸ்வரங்களை ஒரு ஓட்டத்திலும் மேல் ஸ்வரங்களை அடுத்த ஓட்டத்திலும் பதிவு செய்.

பிட்ச் திருத்தும் மென்பொருளை மட்டும் இந்த டேக்குகள் பக்கம் கொண்டுபோகாதே. எல்லாக் குரலையும் அது ஒரே கோட்டில் நிறுத்தினால், பாடி வாங்கிய வித்தியாசமெல்லாம் வீணாகிவிடும்.

முதல் ஸ்வரத்தின் 16 டேக்குகளும் முடிந்ததும், கலக்காமல் தனித்தனியாக அனுப்பு. எதை விடலாம், எதைத் திரும்பப் பாட வேண்டும் என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
சிவா