அந்த நோட்டை மூடவைத்தவர்களுக்கு

இந்த நன்றிக் கடிதத்தை எழுதவேண்டும் என்று நினைத்து நான்கு மாதம் ஆகிறது. ஒவ்வொரு முறை உட்காரும்போதும், "நன்றி சொல்லத்தான் எழுதுகிறாயா, இல்லை நீ எவ்வளவு தாழ்மையானவன் என்று நாலு பேருக்குக் காட்டவா?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும், நானும் எழுந்து போய்விடுவேன். அந்தக் குரல் உங்களில் சிலருக்கு நன்றாகப் பழகியதுதான். ராத்திரி பதினொன்றரைக்கு உங்களுக்குப் போன் போட வைத்ததே அதுதான். இன்றைக்கு அது கேட்டுக்கொண்டே இருக்கட்டும், நான் எழுதிவிடுகிறேன். பெயர் போடவில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. படுக்கப்போகுமுன் அன்றைய நாளைக் கர்த்தருக்கு முன்னால் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம், இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகமில்லை. நான் அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் செய்த காரியம், வலது பக்கம் அதை ஏன் செய்தேன் என்பது. முதல் வாரம் அரைப்பக்கத்தில் முடிந்தது. மூன்றாவது மாதம் வலது பக்கம் போதாமல் ஓரத்திலெல்லாம் பொடியெழுத்தில் எழுத ஆரம்பித்தேன். ஒருநாள் எழுதியதை அப்படியே தருகிறேன். இடது பக்கம்: 'ஜெபக்கூட்டத்தில் ஜெபித்தேன்.' வலது பக்கம்: 'மற்றவர்கள் கேட்கவேண்டும் என்று குரலை உயர்த்தினேனா?' அதன் கீழே: 'உயர்த்தவில்லை என்று நினைப்பதே பெருமையோ?' அதற்கும் கீழே: 'பெருமையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அதுவும் பெருமை.' இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. அன்று மணி ஒன்றரை, அழுதுகொண்டிருந்தேன்.

முதல் நன்றி பாஸ்டர் ஐயாவுக்கு. பதினொரு மாதம் நான் திருவிருந்தில், அப்பமும் ரசமும் பகிர்கிற ஆராதனையில், பங்கெடுக்கவில்லை. அந்த ஆராதனையில் கடைசிப் பாட்டு தொடங்கும்போதே செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவேன். நீங்கள் கவனித்திருக்கிறீர்கள், ஆனால் என்ன பாவம் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபமான 1 கொரிந்தியர் 11-ஐத் திறந்து, 28-ஆம் வசனத்தை என்னையே வாசிக்கச் சொன்னீர்கள். "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து" என்று வாசித்தேன். "சோதித்தறிந்து, அப்புறம் என்ன செய்யச் சொல்கிறார்?" என்றீர்கள். 'புசித்து' என்றேன். "அப்படியானால் விலகிப் போ என்று எங்கே இருக்கிறது?" எத்தனையோ தடவை வாசித்த வசனம், அந்த இரண்டாவது வினைச்சொல் என் கண்ணில் பட்டதே இல்லை. அதற்குமேல் 21-ஆம் வசனத்தையும் காட்டினீர்கள். அந்தச் சபையில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருந்தானாம். பவுல் அவர்களைச் சோதித்துப் பார்க்கச் சொன்னது பக்கத்தில் பசியோடு நின்ற சகோதரனை மறந்ததைத்தான். என் வலது பக்கப் பொடியெழுத்தில் பக்கத்து ஆள் என்று யாருமே கிடையாது. (அதே பவுல் 4-ஆம் அதிகாரத்தில் "நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச்சொல்லுகிறதில்லை" என்று எழுதியிருப்பதையும் அன்றுதான் காட்டினீர்கள். பவுலே அந்த நீதிபதி நாற்காலியில் உட்காரவில்லை, நான் குஷன் போட்டு உட்கார்ந்திருந்தேன்.)

அப்புறம் அக்கா. வேத பாடம் எடுக்கிற அக்கா என்றால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், பரவாயில்லை. "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்ற வசனத்தைத்தான் நான் நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருந்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் ஆராய்கிறது யாரு?" என்று கேட்டீர்கள். பதில் சொல்ல எனக்கு ஏன் அவ்வளவு நேரமாயிற்று என்று இன்றும் தெரியவில்லை. சங்கீதம் 139-ஐ முதலிலிருந்து வாசிக்கச் சொன்னீர்கள். முதல் வசனத்திலேயே "நீர் என்னை ஆராய்ந்து, அறிந்திருக்கிறீர்" என்று இருக்கிறது. ஆராய்ந்து முடித்தாயிற்று. உட்காருதலும் எழுந்திருக்குதலும் தெரியும், நாவில் சொல் பிறக்குமுன்னே அதுவும் தெரியும். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் 23-ஆம் வசனத்தில் 'ஆராயும்' என்று தாவீது கேட்கிறார். ஏற்கெனவே தன்னை முழுக்கத் தெரிந்து வைத்திருந்தும் கைவிடாதவரிடம் கேட்பதால் அவருக்குப் பயமில்லை. நான் கேட்காமல் நானே டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தேன். எரேமியா 17-இல் "இருதயமே திருக்குள்ளதும் மகா கேடுள்ளதுமாயிருக்கிறது, அதை அறியத்தக்கவன் யார்?" என்ற கேள்வி எனக்கு மனப்பாடம். அடுத்த வசனத்தில் கர்த்தர் "நானே" என்று பதில் சொல்லியிருப்பது மட்டும் ஞாபகத்தில் நிற்கவில்லை. என் கேடுகளை எண்ணி முடிக்கிற வேலை எனக்குக் கொடுக்கப்படவே இல்லை என்று தெரிந்த அன்று, பல மாதங்களுக்குப் பிறகு பத்து மணிக்குத் தூங்கினேன்.

ஆனால் அதோடு தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். மூன்றே வாரத்தில் திரும்ப வந்தது. அப்போதுதான் மனநல மருத்துவரிடம் போகச் சொன்னது ஜெபக்குழு அண்ணன். விசுவாசக் குறைவு என்று யாராவது நினைப்பார்களோ என்று எனக்குக் கூச்சம். நீங்கள் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே வந்து வெளியே உட்கார்ந்திருந்தீர்கள். அந்த மருத்துவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. இருந்தும் ஜெபிக்காதே என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வருகிற ஓசிடி என்கிற நோய் சிலருக்குக் கை கழுவுவதில் வரும், சிலருக்குப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பதில் வரும், சிலருக்குப் பாவம், மன்னிப்பு என்கிற இடத்தில் வரும் என்று பொறுமையாகச் சொன்னார். சந்தேகம் வந்ததும் யாரிடமாவது கேட்டு 'ஒன்றுமில்லை' என்று சொல்லவைத்தால் பத்து நிமிடம் நிம்மதி, பிறகு அந்தச் சந்தேகம் இன்னும் கொழுத்துத் திரும்பும். அதனால் சிகிச்சை என்பது சந்தேகத்தை அதன் பாட்டுக்கு இருக்கவிட்டு, பதில் தேடிப் போகாமல் உட்கார்ந்திருக்கப் பழகுவது. எனக்கு மாத்திரையும் உண்டு. ஒரு பாவத்தை ஒரு முறை அறிக்கையிடலாம், அதே பாவத்தை இரண்டாம் முறை கூடாது என்பது எனக்குப் போட்ட விதி. தன்னைச் சோதித்துப் பார்க்கிற எல்லாருக்கும் இந்த நோய் என்று நான் சொல்லவரவில்லை, எனக்கு இருந்தது.

அந்த விதியைக் கேட்டுவிட்டு, "இது பழைய மருந்துதான்" என்று அண்ணன் சொன்ன கதையை மறக்கமாட்டேன். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, எல்லாப் பாவத்தையும் எழுதியே அறிக்கை செய்தபிறகும் ஏதோ விட்டுப்போயிற்று என்று திரும்பத் திரும்பப் போய் நிற்பாராம், உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்கு முற்றிவிட்டது. கடைசியில், பழைய பாவங்களை இனி அறிக்கை செய்வதில்லை என்று தீர்மானித்த பிறகே விடுதலை. அந்த மனிதர் பிற்பாடு மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்த சுயபரிசோதனை முறையில் முதல் படி, தேவனுக்கு நன்றி சொல்வது. கத்தோலிக்கப் புனிதர் ஆயிற்றே என்று நான் இழுத்தேன். "நம்ம புராட்டஸ்டண்ட் பக்கத்து லூத்தரும் மடத்தில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தவர்தான், ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு, உனக்கு யாரு வேணுமோ எடுத்துக்கோ" என்றீர்கள். என் நோட்டில் நன்றி என்ற வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் இல்லை.

என் மனைவிக்குப் பொதுவில் நன்றி சொன்னால் பிடிக்காது, அதனால் சுருக்கமாக. ஒருநாள் அந்த நோட்டை எடுத்து முழுவதும் படித்துவிட்டு, "இத்தனை பக்கம் எழுதியிருக்கீங்க, இதுல நான் எங்கேயுமே இல்லையே?" என்று கேட்டாள். வேலையில் அவளுக்கு ஏதோ பிரச்சினை, மூன்று நாளாக என்னிடம் சொல்ல வந்து வந்து, நான் எழுதிக்கொண்டிருந்ததால் திரும்பிப் போயிருக்கிறாள். "மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்" என்று தினமும் ஜெபித்துவிட்டுத்தான் நான் பேனாவையே எடுப்பேன். அந்த ஜெபத்துக்குப் பதில் கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் குற்றத்துக்கு வலது பக்கமே தேவைப்படவில்லை. மன்னிப்புக் கேட்டேன், ஒரே முறை. பிரச்சினை என்னவென்று கேட்டேன், இரண்டு மணி நேரம் பேசினாள்.

இப்போதும் இரவில் ஐந்து நிமிடம் உட்காருகிறேன், நோட்டு இல்லாமல். நன்றி, பிறகு அன்று உறுத்தியது ஏதாவது இருந்தால் அது, பிறகு எனக்குத் தெரியாமல் மிச்சம் இருப்பதை 'நீர் பார்த்துக்கொள்ளும்' என்று விட்டுவிடுவது. சில நாள் அந்த மூன்றாவது வரமாட்டேன் என்கிறது. போன மாதம் இரண்டு தடவை அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டேன்.

அதனால் எல்லாரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். நேரங்கெட்ட நேரத்தில் கூப்பிட்டு, "அன்றைக்கு நான் சொன்னது உங்களைக் காயப்படுத்திவிட்டதா?" என்று கேட்டால், தயவுசெய்து 'அய்யோ இல்லப்பா, நீ ரொம்ப நல்லவன்' என்று சமாதானம் சொல்லாதீர்கள். அண்ணன் சொல்வதைப்போலச் சொல்லுங்கள்: "சரி, போய்த் தூங்கு." சொல்லிவிட்டுப் போனை வையுங்கள், நான் தப்பாக நினைக்கமாட்டேன்.