புற்றுநோய்க் கல்வியில் விடுபட்டுப்போகும் பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்த் தடுப்பு குறித்துத் தங்கள் இதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். புகையிலை, மது, உடல் பருமன், நாட்பட்ட தொற்றுகள் ஆகியவற்றுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எளிய நடையில் விளக்கியிருந்தது பாராட்டுக்குரியது. ஆயினும், 'ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தலாம்' என்று அப்பக்கங்களில் பலமுறை வருகிறதே, அந்தக் கண்டறியும் வேலை யாருடையது என்பது எங்குமே சொல்லப்படவில்லை. வளரும் நாடுகளில் நடைபெறும் புற்றுநோய்ப் பிரசாரங்களுள் பல இந்தப் பொறுப்பைத் தனிமனிதரின் தலையில் ஏற்றிவிட்டு, அத்துடன் தம் கடமை தீர்ந்ததாகக் கருதிக்கொள்கின்றன. அதைப் பற்றிச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 97 லட்சம் பேர் அந்நோயால் இறந்தனர். இந்தச் சுமை எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவில் பகிரப்படவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அவ்வாண்டில் சுமார் 3,50,000 பெண்களின் உயிரைப் பறித்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயை எடுத்துக்கொண்டால், வளர்ந்த நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் முப்பது பேர்கூடப் பிழைப்பதில்லை. இந்த இடைவெளிக்குக் காரணம் கேட்டால், 'மக்கள் தாமதமாக வருகிறார்கள்' என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. தாமதம் இரண்டு இடங்களில் நேர்கிறது: அறிகுறி தென்பட்ட நாளிலிருந்து முதல் மருத்துவரைப் பார்க்கும் வரை ஒன்று, அந்த முதல் மருத்துவரிடமிருந்து சரியான சிகிச்சை தொடங்கும் வரை மற்றொன்று. பொதுமக்களுக்கான கல்வி முதல் தாமதத்தை மட்டுமே பேசுகிறது.

இரண்டாவது தாமதம் எப்படி உண்டாகிறது என்பதைப் பொதுச் சுகாதாரத்தில் பணியாற்றியவர்கள் நன்கறிவார்கள். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணுக்கு வைட்டமின் மாத்திரையும் களிம்பும் மாறி மாறித் தரப்படுகின்றன. மார்பில் வலியில்லாத கட்டியோடு வரும் பெண்ணிடம், வலி இல்லாததால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மாதவிடாய் நின்று ஆண்டுகள் கழித்து ஏற்படும் இரத்தப்போக்கு, வயதின் கோளாறு என்று ஒதுக்கப்படுகிறது. குழந்தையின் கண்மணியில் தெரியும் வெண்ணிற ஒளியைப் பெற்றோர் கவனித்துச் சொன்னாலும், அது விழித்திரைப் புற்றின் அடையாளமாக இருக்கலாம் என்ற எண்ணம் கேட்டவருக்கு வருவதில்லை. இவர்களெல்லாம் தாமதமாக வந்தவர்கள் அல்லர். வந்த பிறகு தாமதிக்கப்பட்டவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி, நோயாளி முதன்முதலாக மருத்துவ உதவியை நாடிய நாளிலிருந்து 60 நாள்களுக்குள் நோய் உறுதிசெய்யப்பட வேண்டும் என்று கெடு விதித்திருப்பதற்கு இதுவே காரணம். அந்தக் கெடு நோயாளிக்கு விதிக்கப்பட்டதன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த இரு தாமதங்களையும் சேர்த்தே எதிர்கொண்ட ஒரு திட்டத்தை இங்கே குறிப்பிடலாம். மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் 1994இல் ஒரு சிறிய முயற்சி தொடங்கப்பட்டது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதில் இல்லை. மருத்துவமனைகளிலும் கிராமப்புறச் சிகிச்சை நிலையங்களிலும் பணியாற்றும் ஊழியர்களுக்குப் புற்றுநோயின் தொடக்க அறிகுறிகளை அடையாளம் காணப் பயிற்சி தந்தார்கள். பயிற்சி பெற்ற அவர்களே மக்களிடம் சென்று பேசினார்கள். முற்றிய நிலையில் வந்து சேரும் மார்பகப் புற்றுநோயாளிகளின் பங்கு 1994இல் 60 விழுக்காடாக இருந்தது, 1998இல் 35 விழுக்காடாகக் குறைந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் அது 60இலிருந்து 26ஆக இறங்கியது. அதே திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்த மூக்கின் பின்புறத் தொண்டைப் புற்றுநோயில் மட்டும் எந்த முன்னேற்றமும் இல்லை. கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் வளர்ந்து, சளி, காதடைப்பு போன்ற சாதாரணத் தொல்லைகளாகவே வெளிப்படும் நோய் அது. எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே வாக்குறுதியைத் தரும் பிரசாரங்கள் இந்த மூன்றாவது முடிவையும் மனத்தில் கொள்வது நல்லது.

அறிவுறுத்தல் மட்டும் உயிர் காக்கும் என்ற நம்பிக்கையைச் சீனாவின் ஷாங்காய் நகரில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று கடுமையாகச் சோதித்தது. நெசவாலைகளில் பணிபுரிந்த 2,66,000க்கும் மேற்பட்ட பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மார்பகச் சுயபரிசோதனையை முறையாகக் கற்றுத்தந்து, நினைவூட்டி, மேற்பார்வையும் செய்தார்கள். 2002இல் முடிவுகள் வெளியானபோது, இரு பிரிவிலும் மார்பகப் புற்றுநோய் இறப்புகள் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. கற்றுக்கொண்ட பிரிவில் தீங்கற்ற கட்டிகளுக்கான திசுப் பரிசோதனைகள் (பயாப்சி) தாம் கூடியிருந்தன. தன் உடலில் தோன்றும் மாற்றத்தைப் பெண் கவனிக்க வேண்டாம் என்பது இதன் பொருளன்று. புதிய கட்டி, தோலில் குழி, காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவற்றைக் கண்டால் உடனே காட்ட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மாதந்தோறும் செய்யும் சடங்காக அதைக் கற்பித்துவிட்டு, அந்தப் பெண் எங்கே போய் யாரிடம் காட்டுவது என்பதைச் சொல்லாத வகுப்பால் பெரிய பயன் விளைவதில்லை. தங்கள் சிறப்புப் பக்கங்களில் வந்திருந்த சுயபரிசோதனை விளக்கப்படத்தின் கீழும் அந்த ஒரு வரி இல்லை.

சேவையுடன் இணைந்த கல்வி என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவிலிருந்தே சான்றுகள் உள்ளன. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் பகுதி உண்டா என்று வெறுங்கண்ணால் பார்க்கும் பரிசோதனையை மும்பையின் குடிசைப் பகுதிகளில், மருத்துவர் அல்லாத, சில வாரப் பயிற்சி மட்டுமே பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் செய்தார்கள். சுமார் 1,50,000 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது: பரிசோதிக்கப்பட்ட பிரிவில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 31 விழுக்காடு குறைந்திருந்தது. ஒப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண்களுக்கும் புற்றுநோய் குறித்த விளக்கம் தரப்பட்டிருந்தது. அவர்களுக்குக் கிடைக்காமல் போனது பரிசோதனைதான். (அவர்களுக்கு அதை வழங்காதது அறமா என்ற விவாதம் பின்னர் எழுந்தது; அது எழுந்தது சரியே.) திருவனந்தபுரத்தில் நடந்து 2005இல் முடிவு வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததிலேயே, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. டார்ச் விளக்கு ஒன்று, பழகிய கண்கள் இரண்டு, சந்தேகம் வந்தால் அனுப்பிவைக்க ஓர் இடம்: தேவைப்பட்டது அவ்வளவே.

தடுப்பூசி விஷயத்திலும் கல்வியின் தரமே வெற்றியைத் தீர்மானிக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமிக்கு எதிரான தடுப்பூசியை ருவாண்டா 2011இல் பள்ளிகள் வழியாகத் தேசிய அளவில் தொடங்கியபோது, ஊசி போடுவதற்கு முன்பே ஆசிரியர்களையும் ஊர்த் தலைவர்களையும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களையும் அழைத்து விளக்கிவிட்டது. பள்ளிக்கு வராத சிறுமிகளையும் அந்தப் பணியாளர்களே தேடிச் சென்றார்கள். தகுதியுள்ள சிறுமிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். கொலம்பியாவிலும் தொடக்கத்தில் இதே அளவு வெற்றி கிடைத்தது. 2014இல் ஒரு நகரத்தில் மாணவிகள் பலர் மயங்கி விழுந்ததாகச் செய்தி பரவியது. காரணம் தடுப்பூசி அன்று என்று விசாரணையில் தெரிந்தும், இரண்டே ஆண்டுகளில் ஊசி போட்டுக்கொள்வோரின் பங்கு 20 விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. வதந்தி வந்த பிறகு தரும் விளக்கம் தற்காப்புப் பேச்சாகவே மக்களின் காதில் விழுகிறது.

அச்சத்தைக் கருவியாக்குவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிகரெட் பெட்டியின்மேல் அழுகிய வாயின் படத்தை அச்சிடுவதை நான் ஆதரிக்கிறேன். அச்சம் கொண்டவர் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிட முடியும். மார்பில் கட்டியைத் தடவி உணர்ந்த பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. அதே படங்களையும் அதே தொனியையும் அவரிடம் காட்டினால், அவர் மருத்துவமனைக்கு வருவதைவிடக் கட்டியை மறைத்துக்கொள்வதே அதிகம். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும், குடும்பத்தில் ஒருவருக்கு வந்தது தெரிந்தால் மகளின் திருமணம் தடைபடும், ஊசியோ கத்தியோ பட்டால் கட்டி உடல் முழுவதும் பரவிவிடும் என்ற எண்ணங்கள் பல சமூகங்களில் ஊறிக்கிடக்கின்றன. இவற்றில் கடைசி எண்ணம் மிகவும் கொடியது. திசுப் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ளாமல் மாதக்கணக்கில் நாட்டு வைத்தியத்தில் காலம் கழிக்க வைப்பது அதுதான். அதற்கு மறுமொழி சொல்லத் தகுதியானவர்கள், அந்த ஊசியையும் கத்தியையும் கடந்து நலமாக இருப்பவர்கள். அவர்களை மேடையேற்றும் கூட்டங்கள் மிகக் குறைவாகவே நடக்கின்றன.

முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளைப் பற்றியும் வாசகர்களை எச்சரிக்கலாம். எந்தத் தொல்லையும் இல்லாதவருக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரே நாளில் செய்யப்படும், இரத்தத்தில் புற்றுநோய்க்கான குறியீடுகளைத் தேடும் சோதனைகள் பெரும்பாலும் வீண் கலக்கத்தையே தருகின்றன. உண்மையில் பலன் தருவது என்று நிறுவப்பட்டவை சிலவே. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு எச்.பி.வி. பரிசோதனையையே முதன்மையாகக் கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. மாதிரியைப் பெண்ணே தனிமையில் எடுத்துக் கொடுக்கலாம் என்பதால், கூச்சத்தினால் விலகி நிற்பவர்களையும் இது எட்டும். இச்செய்தி தங்கள் பக்கங்களில் இடம்பெற்றிருக்கலாம்.

பரிசோதனைக்கு அழைத்துவிட்டுச் சிகிச்சைக்கு வழியில்லாமல் விடுவது அழைக்காமலே இருப்பதைவிடக் கொடுமையானது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஒழிக்க 2030க்குள் எட்ட வேண்டியவையாக உலக சுகாதார நிறுவனம் வகுத்த மூன்று இலக்குகளில், 90 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி, 70 விழுக்காட்டினருக்குப் பரிசோதனை என்பவற்றோடு, நோய் கண்டறியப்பட்டோரில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை என்பதும் உண்டு. மேடைகளில் முதல் இரண்டும் ஒலிக்கும் அளவுக்கு மூன்றாவது ஒலிப்பதில்லை. 2022இல் பன்னாட்டு அணுசக்தி முகமை, கதிரியக்கச் சிகிச்சை வசதியை விரிவாக்கும் தன் 'நம்பிக்கைக் கதிர்கள்' திட்டத்தைத் தொடங்கியபோது, ஆப்பிரிக்காவில் 20க்கும் மேற்பட்ட நாடுகளில் கதிரியக்கச் சிகிச்சை வசதி ஒன்றுகூட இல்லை.

ஆகவே அடுத்த முறை இத்தகைய பக்கங்களை வெளியிடும்போது, ஒவ்வோர் அறிகுறிக்கும் பக்கத்தில் மூன்று விவரங்களைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: அது எத்தனை வாரம் நீடித்தால் காட்ட வேண்டும், முதலில் எந்த வகை மருத்துவரிடம் அல்லது நிலையத்தில் காட்ட வேண்டும், அங்கே என்ன பரிசோதனையை அவர் கேட்டுப் பெறலாம். முதல்நிலை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கினால் இன்னும் நல்லது. அந்தப் பக்கங்களுக்கு எதிரிலேயே, கத்தியின்றி, கதிரியக்கமின்றி எந்தப் புற்றுநோயையும் குணப்படுத்துவதாகக் கூறும் விளம்பரங்களை ஏற்காதிருக்குமாறும் தங்கள் விளம்பரப் பிரிவினரிடம் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரத்தில் அக்கறை கொண்ட ஒரு வாசகர்